வாசகர் கேள்வி: கல்லூரி உதவிப் பணம் கூடுதலாக வந்துவிட்டால்?

(அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் கூட்டரசு நிதியுதவி குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.)

மகளுக்கு வெளி அறக்கட்டளை ஒன்று 4,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. சந்தோஷப்பட்ட ஒரே வாரத்தில், ஏற்கெனவே தந்த உதவியைக் கல்லூரி குறைத்துவிட்டது. இது நியாயமா? — ஒரு தாய், டாலஸ்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கல்லூரிக்கு வேறு வழி இல்லை. தேவை அடிப்படையிலான உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தப் படிப்புச் செலவிலிருந்து, ஃபாஃப்சா (கூட்டரசு உதவிக்கான விண்ணப்பப் படிவம்) கணக்கிடும் எஸ்ஏஐ எண்ணை, அதாவது குடும்பத்தின் வசதி பற்றிய மதிப்பீட்டைக் கழித்தால் வருவது. செலவு 30,000, எஸ்ஏஐ 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், தேவை 24,000. கல்லூரி மானியம் 15,000, பெல் கிராண்ட் (கூட்டரசு தரும் மானியம்) 1,395, வளாக வேலை 2,500, அரசு வட்டி கட்டும் கடன் 3,500 என ஏற்கெனவே 22,395 வந்தாயிற்று. மிச்ச இடம் 1,605தான். அதில் 4,000 வந்து விழுந்தால் 2,395 வழிகிறது.

வழிவதை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் நீங்கள் பேச வேண்டும். முதலில் கடனைக் குறையுங்கள், அடுத்து வளாக வேலையை, மானியத்தைக் கடைசியாகத் தொடுங்கள் என்று நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பல கல்லூரிகளின் வழக்கமும் இதுவே. சில மட்டும் நேராகத் தங்கள் மானியத்தில் கை வைக்கும். மேரிலாந்து மாநிலம் தன் அரசுக் கல்லூரிகளில் இப்படி மானியத்தைக் குறைப்பதை 2017லேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது.

இன்னொரு வழி, செலவுக் கணக்கையே உயர்த்துவது. படிப்புக்காக மடிக்கணினி வாங்கியிருந்தால் அதற்கான ரசீதைக் கொடுங்கள். செலவு 1,200 கூடினால் தேவையும் அவ்வளவு கூடும். அரசு வட்டி கட்டும் கடன் குறைந்த அளவுக்கு, நாமே வட்டி கட்டும் கடனை எடுக்கலாம்; அது தேவையைப் பார்ப்பதில்லை, மொத்த உதவி படிப்புச் செலவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பெல் கிராண்டை இப்படி வெளி ஸ்காலர்ஷிப்புக்காகக் குறைப்பதில்லை. ஆனால் 2026 ஜூலை முதல், கூட்டரசு சாராத மானியங்களே முழுப் படிப்புச் செலவையும் ஈடுகட்டினால் பெல் கிடையாது.

ஸ்காலர்ஷிப் கடிதம் வந்த அன்றே கல்லூரிக்குச் சொல்லிவிடுங்கள். செமஸ்டர் பாதியில் தெரிந்தால், கைக்கு வந்து செலவான பணத்தைத் திருப்பித் தேட வேண்டியிருக்கும். வளாக வேலையில் ஏற்கெனவே சம்பாதித்த சம்பளத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

மகன் 12 கிரெடிட் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு) பதிந்து, பிறகு 7 ஆகக் குறைத்தான். பெல் ரீஃபண்ட் (கட்டணம் போக மிஞ்சிய பணம்) கைக்கு வந்து செலவாகிவிட்டது. இப்போது 1,500 டாலருக்கு மேல் பில். — எஸ்.கே., நியூ ஜெர்சி

எப்போது குறைத்தான் என்பதுதான் கேள்வி. 12 கிரெடிட் என்றால் முழு பெல். 7 என்றால் 58 சதவீதம். ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் பெறுபவருக்கு ஒரு செமஸ்டருக்குச் சுமார் 3,697; அதுவே 7 கிரெடிட்டுக்குச் சுமார் 2,144. வித்தியாசம் ஏறக்குறைய 1,550. உங்கள் பில் அங்கிருந்துதான் வருகிறது. கல்லூரி கிரெடிட்களை எண்ணிப் பூட்டும் தேதி ஒன்று இருக்கும். அதற்கு முன் குறைத்தாலோ, ஒரு பாடத்தின் வகுப்புக்கு ஒரு நாள்கூடப் போகாவிட்டாலோ அந்தப் பங்கு திரும்பப் போகும். அந்தத் தேதிக்குப் பின், வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்து விலகியிருந்தால் பெரும்பாலும் பெல்லைத் தொட மாட்டார்கள். ஆகவே எந்தப் பாடத்துக்கு எந்தத் தேதி வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வகுப்புக்குப் போனதற்குத் தேர்வு, ஒப்படைப்பு என ஏதாவது ஆதாரம் இருந்தால் பில்லே மாறலாம்.

எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டால் கணக்கு வேறு. 105 நாள் செமஸ்டரில் 42ஆம் நாள் விலகினால் 40 சதவீத உதவிதான் சம்பாதித்ததாகும், மீதி திரும்பப் போகும். 60 சதவீத நாள்களைத் தாண்டிவிட்டால் முழுதும் உங்களுடையது. தொடர்ந்து ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் வரும் விடுமுறை நாள் கணக்கில் சேராது. இதை மறந்து ஓரிரு நாளில் கோட்டை விடுபவர்கள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோய் எல்லாப் பாடத்திலும் எஃப் (தோல்வி) வாங்கினாலும் விலகியதாகவே பார்ப்பார்கள்.

இப்படி முழுதாக விலகியவர் திருப்ப வேண்டிய மானியத்தில் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது: அந்தத் தொகையில், பெற்ற மொத்த மானியத்தின் பாதியைத் தாண்டும் பகுதியை மட்டுமே மாணவர் திருப்ப வேண்டும், அது 50 டாலருக்குள் இருந்தால் அதுவும் வேண்டாம். அறிவிப்பு வந்து 45 நாளுக்குள் கட்டவோ, தவணை பேசவோ வேண்டும். தவறினால் விவகாரம் கல்வித் துறைக்குப் போகும், அதன்பின் எந்தக் கல்லூரியிலும் கூட்டரசு உதவி கிடைக்காது. கடன் பகுதியை உடனே கட்ட வேண்டியதில்லை, வழக்கமான தவணையில் கட்டலாம்.

சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டை ஃபாஃப்சாவில் காட்டவில்லை. வெளிநாட்டுச் சொத்து கணக்கில் வருமா? — பெயர் வேண்டாம்

வரும். வீடுகளில், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே விலக்கு. ஃபிளாட்டின் சந்தை மதிப்பிலிருந்து அதன் மேலுள்ள கடனைக் கழித்து, படிவத்தில் கையெழுத்திட்ட நாளின் டாலர் மதிப்பில் காட்ட வேண்டும். வாடகை வருமானமும் வரி அறிக்கையில் இருக்க வேண்டும். பயப்படும் அளவுக்கு இது பெரிதல்ல: பெற்றோரின் 1,00,000 டாலர் சொத்து எஸ்ஏஐயை அதிகபட்சம் 5,640 டாலரே உயர்த்தும். ஆனால் பெல் தகுதியின் விளிம்பில் இருக்கும் குடும்பம் அதை இழக்க அதுவே போதும். கல்லூரி சரிபார்ப்பில் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே திருத்தம் போடுங்கள். மறதி வேறு, வேண்டுமென்றே மறைப்பது வேறு. பொய்த் தகவலுக்கு 20,000 டாலர் வரை அபராதமும் சிறையும் உண்டு.

கோடையில் பக்கத்துச் சமூகக் கல்லூரியில் இரண்டு பாடம் எடுக்கிறாள். இரண்டு இடத்திலும் பெல் வாங்கலாமா? — ராதா, சான் ஹோசே

ஒரே காலத்துக்கு இரண்டு கல்லூரியில் முடியாது. கணினி உடனே பிடித்துவிடும். பட்டம் தரும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில், இரு கல்லூரி ஒப்பந்தம் (இரண்டு இடத்துக் கிரெடிட்களையும் சேர்த்து ஒரே கல்லூரி உதவி தரும் ஏற்பாடு) உண்டா என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

கடன் வாங்கியதில் 2,000 டாலர் மிச்சம். திருப்பலாமா? — வாசகர், அட்லாண்டா

பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பினால் அந்தத் தொகைக்கு வட்டியும் இல்லை, தொடக்கக் கட்டணமும் இல்லை. தவணைப் பணமாக அல்ல, கடனைத் திருப்புவதாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.