அமுக்குவான் முதல் இசக்கி வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரப்பர் பால்வெட்டு எனக்கு வேலை. விடியுமுன் போய்விட்டு வந்து மத்தியானம் மல்லாந்து கண்ணயர்ந்தால் ஏதோ நெஞ்சில் ஏறி அமுக்குகிறது. கத்தவும் முடியவில்லை. வாதை (பேய்) என்கிறார் அம்மா.
- வாசகர், குலசேகரம்

பதில்: அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். கனவில் ஓடினால் கால் நிஜமாகவே ஓடிவிடாதபடி, கனவு வரும் உறக்கத்தில் மூளை உடம்பைக் கட்டிப்போடும். கண் முழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழாவிட்டால் அமுக்கல். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அப்போது தளர்ந்திருக்கும். மூச்சை இழுப்பது பெரும்பாலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம்தான். ஆழமாக இழுக்கப் பார்த்தால் வராது. நெஞ்சில் ஆள் உட்கார்ந்த பாரம் அதனால்தான். ஆனால் மூச்சு நிற்காது. சில வினாடி, மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடம். மூலையில் நிற்கும் கரிய உருவம் கலையாத கனவின் மிச்சம்.

கனவுறக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் நீங்கள் தலைவிளக்கோடு தோட்டத்தில் நிற்கிறீர்கள். விட்டுப்போன பங்கை மத்தியானத் தூக்கம் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. வெட்டுக்குப் போகும் நாளில் இரவு எட்டு மணிக்கே படுங்கள். பகலில் 20 நிமிடம் போதும், அதுவும் ஒருக்களித்து. மல்லாந்து படுத்தால்தான் இது கூடுதல். வந்துவிட்டால் எழும்ப முண்டாதீர்கள், பயம்தான் ஏறும். ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். வீட்டில் யாராவது தொட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். வேலைக்கிடையே அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் துவள்வது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் இரவு பத்து மணிவாக்கில் அலறுகிறான். காலையில் ஒன்றும் நினைவில்லை. தலையணைக்கடியில் வெட்டுகத்தி வைக்கச் சொல்கிறார் மாமியார்.
- வாசகி, தக்கலை

பதில்: முதலில் கத்தியை எடுங்கள். பேய்க்கு இரும்பு ஆகாது என்பார்கள். கைகால் உதறும் பிள்ளைக்கும் ஆகாது. இது கெட்ட கனவல்ல, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பது. உலுக்கினால் இன்னும் முரண்டுவான். தினமும் அதே நேரமென்றால் 15 முதல் 30 நிமிடம் முன்பே மெல்லத் தட்டி எழுப்பி, மறுபடி தூங்கவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் செய்து பாருங்கள்.

கேள்வி: கோயில் கொடை (திருவிழா) முடிந்ததிலிருந்து கனவில் இசக்கியம்மன் துரத்துகிறாள். என்ன குறை?
- வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: இசக்கி கோயில் இருக்கும் முப்பந்தலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி (இசக்கிதான்) கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டால், கனவில் வேறு யார் வருவார்? நேர்ச்சை பாக்கியிருந்தால் செலுத்துங்கள். அதற்குப் பிறகும் வந்தால் பகலில் கனவை எழுதி, முடிவை மாற்றுங்கள்: பிள்ளையை உங்கள் கையில் தந்துவிட்டு அவள் திரும்பிப் போகட்டும் (பிள்ளைவரம் தருபவளும் அவள்தானே). தினமும் 10 நிமிடம் அதையே மனதில் ஓட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்பிரனலால் போன்ற மாத்திரை தொடங்கிய பிறகு வந்த கனவா என்றும் பாருங்கள். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.