சேவர் பெட்டி போனால் வேலையும் போகுமா?

அன்புள்ள சேர்,

என் நானா கொழும்பில் ஒரு கம்பனியில் சேவர் நிர்வாகி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் நூற்றுக்கணக்கான சேவர்களை இங்கிருந்தே கவனிக்கிறார்கள். அவற்றையெல்லாம் மெயின்பிரேம் எனும் இரண்டு பெரிய கணினிக்குள் கொண்டுவரப் போகிறார்களாம். உம்மாவுக்குத் தூக்கமே இல்லை. மெயின்பிரேம் பழைய காலத்துச் சாமான் இல்லையா? அது எப்படி இப்போது வந்து வேலையைப் பறிக்கும்?

பர்ஸானா, சம்மாந்துறை

அன்புள்ள பர்ஸானா,

பழைய சாமான்தான், ஆனால் பாவனையிலிருந்து போகவேயில்லை. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360இன் வம்சம்தான் இன்றும் பல பெரிய வங்கிகளில் கணக்குப் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டளவில் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளமும் ஓடத் தொடங்கியது. 2007இல் ஐபிஎம் தன் சொந்த சேவர்களில் ஏறத்தாழ 3,900ஐச் சுமார் 30 மெயின்பிரேமுக்குள் அடக்கப்போவதாகவும், அதனால் மின்சாரம் 80 சதவீதம் மிச்சமாகும் என்றும் சொன்னது. விற்பவன் சொன்ன கணக்கு! ஆனாலும் நியாயம் உண்டு. தனிச் சேவர்கள் பல நாள் முழுக்கச் சும்மா இருந்தே கரண்ட் தின்பவை. பல மென்பொருள்களுக்குப் புரொசசர் கணக்கில்தான் உரிமக் கட்டணம். அது குறைவதுதான் முதலாளிமாருக்கு இன்னும் இனிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். மறைவது பெட்டிதான். உள்ளே ஒவ்வொரு சேவரும் தனி லினக்ஸாக ஓடிக்கொண்டேயிருக்கும். பேட்ச் போட, பேக்கப் பார்க்க, நடுச்சாமத்தில் விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும். கேபிள் இழுக்கிறவருக்கும் டிஸ்க் மாற்றுகிறவருக்கும்தான் முதல் அடி. நானா இருப்பது கொழும்பில், பெட்டிகள் இருப்பது வெளிநாட்டில். திருப்புளி பிடிக்கும் வேலை எப்போதுமே அவருடையதல்ல. அவருக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும்: சேவர்களை ஒரே இடத்தில் சேர்த்த பிறகு, இத்தனை பேர் எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்பார். சிலருக்கு வேலை போகலாம், மறைப்பதற்கில்லை.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் இந்தப் பயம் வராது. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த மொத்தக் கடையில் சேவர் பில் மேசைக்குக் கீழே, உப்புக்காற்றில் துருவேறி நிற்கிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும், பொடியன் ஓடிவருவான். அவனுடைய வேலை நானாவின் வேலையைவிடப் பத்திரம்.

மெயின்பிரேம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர், கோபால் (COBOL) என்ற பழைய மெயின்பிரேம் நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். நானா இன்றைக்கே தொடங்கட்டும். லினக்ஸ் கைவந்தவருக்கு அது மலையல்ல.

ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: அவர் பார்ப்பது லினக்ஸா, விண்டோஸா? விண்டோஸ் சேவர்கள் மெயின்பிரேமில் ஓடாது. அவை வெளியேதான் நிற்கும், அல்லது அவற்றில் உள்ளதை வேறாக எழுத வேண்டிவரும். அப்புறம், வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.