அத்தை சொன்னது எந்த மாதம்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை நான். பத்தொன்பது வருட சர்வீஸ். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் மன்றம் நடத்துகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கடற்கரை மணலில் தோண்டும் ஊற்றுதான் குடிதண்ணீர். பக்கத்தில் இறால் பண்ணை வந்தபின் அதில் உப்பு ஏறிவிட்டது. செப்டம்பரில் மன்றப் பிள்ளைகளை வைத்து டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவி) அளந்தோம், லிட்டருக்கு 2,600 மில்லிகிராம் காட்டியது. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து சொன்னேன். பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர் என் கணவரின் சித்தப்பா. "மழைக்கு முந்தி எந்த ஊத்து டீச்சர் இனிக்கும்?" என்று அவர் கேட்க, சபையே சிரித்தது. மூன்று வாரமாகக் கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஊர் வேலை போதும்" என்கிறார். வீட்டை அத்தை (மாமியார்) பார்த்துக்கொள்வதால்தான் என்னால் இவ்வளவும் முடிகிறது. பாவம், படிக்காதவர், அந்தக் காலத்தில் தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போனவர். போன வருஷம் பொங்கல் வைக்கும்போதே "தண்ணி கரிக்குது" என்றார். வயசானவங்க நாக்கு என்று விட்டுவிட்டேன். இப்போது தலைமையாசிரியர் பதவி உயர்வு வருகிறது, வெளிமாவட்டம். பொதுவேலையை விட்டுவிடவா, மாறுதலில் போய்விடவா? – பெயர் வேண்டாம்.

பதில்: டீச்சர், ஊர் வேலையா குடும்பமா என்று கேட்டு எனக்கு மாதம் நாலு கடிதம் வருகிறது. நர்ஸ் எழுதுகிறார், சுய உதவிக் குழுத் தலைவி எழுதுகிறார். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் உண்டு. தைரியமாக இருங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. எனக்குக் கோபம் வந்தது உங்கள் கணவர் மேல் அல்ல.

அத்தை "தண்ணி கரிக்குது" என்று சொன்னது எந்த மாதம்? தை. நீங்கள் அளந்தது எந்த மாதம்? செப்டம்பர்.

உங்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடற்கரை மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கையால் தோண்டி, சிரட்டையில் அள்ளிக் குடிக்க முடிவது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழை வாங்கித் தையில் அது நன்றாகத் தடித்து நிற்கும். வெயிலில் மெலிந்து மெலிந்து ஆவணி, புரட்டாசியில் கரிக்க ஆரம்பிக்கும். ஆகவே செப்டம்பர் உப்பில் சேதி ஒன்றும் இல்லை. தையில், பொங்கல் பானையில் உப்பு என்றால்தான் சேதி.

உங்கள் சின்ன மாமா கேட்டது சரியான கேள்வி. மாணவன் ஆய்வறிக்கை கொண்டுவந்தால் நீங்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் வீட்டு அடுப்படியில் ஒன்றே முக்கால் வருஷமாக உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் "ஊத்துத் தண்ணி ருசி மாறிடுச்சு டீச்சர்" என்றிருந்தால் அவன் கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லியிருப்பீர்கள். சொன்னது அத்தை என்பதால் அது வயசானவங்க நாக்கு ஆகிவிட்டது. வருஷக்கணக்காக ஒரே மணலில் தண்ணீர் அள்ளிக் குடித்த நாக்கு அது டீச்சர். உங்கள் சர்வீஸைவிட அதற்கு சர்வீஸ் அதிகம்.

அப்புறம் அந்த "பாவம், படிக்காதவர்". பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குகிறவர்கள். கடல் என்றைக்கு வற்றும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்று பார்த்து நாள் குறித்தவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின; பிறகு அங்கே போகக் கூடாது என்றார்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறீர்கள்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. நான் பழைய ஆள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொந்த சின்ன மாமனார் வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே சபையில் போய் நின்றீர்கள். சபைக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு; வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். ஆனால் குடும்பத்து ஆளுக்கு முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால்தான் ஊரில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் முறைப்பதில் பாதி இதற்காகத்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு அவரைத்தான் கேட்க வேண்டும். தம்பி, அந்த உப்புத் தண்ணீரைக் குடிப்பது உங்கள் அம்மாவும்தானே?

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். நவம்பர் 1 சபையில் வாயைத் திறக்காதீர்கள். மழை ஓய்ந்ததும் வாரம் ஒருமுறை அளக்க ஆரம்பியுங்கள். பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று, அதே மணலில் பண்ணைக்கு எட்டத்தில் ஒன்று, இரண்டும் வேண்டும். எது எது என்று அத்தை காட்டட்டும். எந்த ஊற்று எந்த வருஷம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி உப்பு என்றால் காரணம் பண்ணையாக இல்லாமலும் போகலாம், ஊரில் ஓடுகிற மோட்டார்களையும் எண்ணிப் பாருங்கள். இந்த முறை பிள்ளைகள் வேண்டாம். குடும்ப வழக்கில் மாணவர்கள் எடுத்த அளவைக் கொண்டுபோய் வைத்ததே சரியில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணீரில் டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. தையிலும் அதைத் தாண்டினால் யாரும் சிரிக்க முடியாது.

பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராக சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றானது. குத்தகைக்கு விட்டவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

பதவி உயர்வு வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷம் உழைத்தவருக்கு அது கிடைக்க வேண்டியதுதான். தப்பித்துப் போகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், அந்த ஊரிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதற்கும் யாராவது சித்தப்பா இருப்பார்.

ஜனவரி 26-ல் அடுத்த சபை. அதற்கு முன்னால், பொங்கல் கழிந்ததும், அத்தையைக் கூட்டிக்கொண்டு சின்ன மாமா வீட்டுக்குப் போங்கள். அத்தைக்கு அவர் கொழுந்தன். அண்ணி வாசலில் வந்து நின்றால் எழுந்து நிற்க வேண்டிய முறை அவருக்கு. நோட்டை நீங்கள் பையிலேயே வைத்திருங்கள், பேசுவது அத்தையாக இருக்கட்டும். போகும்போது பண்ணைப் பக்கத்து ஊற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு அடுப்பிலேயே அதில் வரக்காப்பி போட்டு, அத்தை தன் கையால் கொழுந்தனுக்குக் கொடுக்கட்டும்.