சிக்கு, சீப்பு, கத்திரிக்கோல்: நீளமுடி நாய் கேள்வி பதில்

எங்கள் ஷிட்சுவைத் தினமும் பிரஷ் செய்கிறேன். மேலே பட்டு மாதிரி இருக்கிறது, காதுக்குப் பின்னால் மட்டும் கட்டி கட்டியாகச் சிக்கு. ஏன்?

நீங்கள் சீவுவது மேல்முடியை. சிக்கு விழுவது அடியில், தோலை ஒட்டி. நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்தால், வகிடு எடுத்ததுபோலத் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் முடியைக் கீழே இறக்கிச் சீவுங்கள். அப்புறம் அரை விரல் அகலம் மேலே அடுத்த வகிடு. வயிற்றுப் பக்கம் ஆரம்பித்து முதுகில் முடியுங்கள். கடைசியாக எஃகுச் சீப்பைத் தோலிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே வேலை பாக்கி. காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, இந்த நான்கு இடங்களைத் தவறாமல் பாருங்கள்.

சிக்கைக் கத்திரிக்கோலால் வெட்டிவிடலாமா?

கூடாது. சிக்கு இறுக இறுகத் தோலையும் கூடவே இழுத்துக்கொள்ளும். முடி என்று நினைத்து நீங்கள் பிடித்திருப்பதில் தோலும் மடிந்து நிற்கும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு லாசா ஆப்சோவின் காதோரம் வெட்டினேன். முடி வெட்டுப்படும்போது கேட்கும் 'கரக்' சத்தம் வரவில்லை. கத்திரி மெத்தென்று இறங்கியது. இரண்டு தையல்.

சோளமாவு தூவி, விரலால் சிக்கைப் பிரித்துவிடுங்கள். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே முடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பின் ஓரப் பற்களால் எடுங்கள். கம்பளிபோலத் தட்டையாகப் படிந்துவிட்டதா? சீவி வதைக்காதீர்கள், கிளிப்பர் (முடி வழிக்கும் இயந்திரம்) பிடிக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

குளிப்பாட்டினால் சிக்கு இளகுமா?

இறுகும். சீவி முடித்த பிறகுதான் குளியல்.

நாம் போடும் ஷாம்பு போடலாமா?

வேண்டாம். நம் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நாய் ஷாம்புவே போடுங்கள், சோப்பு மிச்சமில்லாமல் அலசுங்கள்.

வெயில் காலத்தில் எங்கள் பொமரேனியன் மூச்சிரைக்கிறது. மொட்டை அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள். பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி எல்லாவற்றுக்கும் இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு. நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் இறக்கும். பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலில் விழும். உதிர்ந்து தேங்கிய பஞ்சைச் சீவி எடுங்கள், காற்று உள்ளே போகட்டும்.

மூன்று கோடையாக எங்கள் பொமரேனியனை மொட்டை அடிக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

எல்லா நாய்க்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. சில நாய்களுக்கு, அதுவும் பொமரேனியன் இனத்தில் அடிக்கடி, வெட்டிய இடத்தில் முடி மாதக்கணக்கில் முளைக்காது. முளைத்தாலும் திட்டுத் திட்டாக, வேறு நிறத்தில் வரலாம். எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று முறை தப்பியது உங்கள் நாயின் அதிர்ஷ்டம். நான்காவது முறைக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் ஷிட்சுவுக்கு மட்டும் குட்டையாக வெட்டலாம் என்கிறார்களே?

நல்ல கேள்வி. ஷிட்சு, மால்டீஸ் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே போகும் வகை. வெட்டினால் திரும்ப வளரும். பொமரேனியன் முடி ஓர் அளவுக்கு வந்ததும் வளர்ச்சியை நிறுத்தி நெடுநாள் ஓய்வெடுக்கும். ஓய்வில் இருக்கும்போது வெட்டினால் உடனே முளைக்க அதற்கு அவசரம் இல்லை. ஷிட்சுவையும் ஒட்ட வழிக்காதீர்கள், இரண்டு விரல் கனம் விடுங்கள்.

நான்கு நாளாகக் காதிலிருந்து நாற்றம், உள்ளே சிவப்பு. என்ன தடவலாம்?

எதையும் தடவாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

முனை மழுங்கிய சின்னக் கத்திரிக்கோல் என்றால் சிக்கை வெட்டலாம்தானே?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். தோலை அறுப்பது முனை அல்ல, அலகு.

குட்டிக்கு ஐந்து மாதம். சீப்பைக் கண்டாலே கடிக்கிறது. பெரிதான பிறகு பழக்கலாமா?

இப்போதே பழக்குங்கள். குட்டிமுடி உதிர்ந்து பெரிய முடி வரும்போதுதான் சிக்கு மோசமாக விழும், பல நாய்களுக்கு அது ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடும். பாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். தோளில் பத்து இழுப்பு, சீப்பின் முதுகால். ஒரு தீனி. முடிந்தது. மூன்று நாள் கழித்துச் சீப்பைத் திருப்பிப் பிடியுங்கள்.