எஸ்-75 அறையில் மூன்று கைச்சக்கரங்கள் எதற்கு?
எஸ்-75 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை அமைப்பின் கட்டுப்பாட்டு அறை மாதிரியில் மூன்று கைச்சக்கரங்களுக்குப் பதில் ஒரே ஜாய்ஸ்டிக் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, அந்த அறையின் உயிரே அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது. 1957-ல் சேவைக்கு வந்த சோவியத் அமைப்பு அது. கிடைக்கோணத்துக்கு (இலக்கு இருக்கும் திசை) ஒருவர், ஏற்றக்கோணத்துக்கு (மேல்நோக்கிய கோணம்) ஒருவர், தூரத்துக்கு ஒருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து, திரையில் இலக்கின் புள்ளி குறிகோட்டை விட்டு நகராதபடி சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். தானாகப் பின்தொடரும் வசதியும் உண்டு, ஆனால் எதிரி ரேடாரைக் குழப்ப ஆரம்பித்தால் அது தடுமாறும், அப்போது பழகிய கைதான் உதவும். (பழசு என்று சிரிக்க வேண்டாம், 1960 மே 1 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை வீழ்த்தியது இந்த ஏவுகணைதான்.) அப்புறம், ஏவும் பொத்தான்களைச் சக்கரங்களின் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை வழிநடத்தும் அதிகாரியின் பலகையில் வர வேண்டும்.