தரை வியர்த்த வீடு: கேள்வி பதில்

ரொறன்ரோவில் பத்தொன்பது மாரிக்கு வீடுகளைச் சூடாக்கிக் கொடுக்கிற வேலை பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன் நான். "இந்த வெயிலுக்குள்ள ஹீற்றர் விக்கப் போறியோ?" என்று சிரித்தவர்களே இப்போது கேள்வி அனுப்புகிறார்கள்.

பரந்தனில் இருந்து ஒரு அக்கா: தம்பி ரொறன்ரோவில் வீடு பார்க்கிறான். ஒரு வீட்டில் காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அடிக்கிற ஃபேர்னஸ், மற்றதில் சுடுதண்ணி ஓடுகிற றேடியேற்றர். எதை வாங்கச் சொல்ல?

குளிருக்கு மட்டும் என்றால் தண்ணிதான், அக்கா. ஒரு கனமீற்றர் தண்ணி காவுகிற சூட்டைக் காவ ஏறக்குறைய 3,400 கனமீற்றர் காற்று வேணும். விரல் பருமன் குழாய் செய்கிற வேலைக்கு, காற்றென்றால் ஆள் தவழ்ந்து போகிற அளவில் தகரக் கூடு தேவைப்படுவது அதனால்தான். தண்ணிச் சூட்டில் தூசி பறக்காது, இரைச்சலும் இல்லை. ஃபேர்னஸ் தொண்டையைக் காய வைக்கும் என்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. பனிக்காலத்து வெளிக்காற்றில் ஈரம் குறைவு, இடுக்குகளால் உள்ளே வந்து சூடாகும்போது இன்னும் காய்ந்து போகிறது. றேடியேற்றர் வீட்டிலும் தொண்டை காயும்.

ஆனால் ஆடி மாதம் ரொறன்ரோவும் புழுங்கும். தகரக் கூடு இருந்தால் அதே வழியால் ஏசி விடலாம். றேடியேற்றர் வீட்டுக்கு ஏசி தனிச் செலவு. அதனால் நான் காற்று வீட்டைத்தான் சொல்வேன். போய்ப் பார்க்கும்போது ஃபில்ற்றரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தால், வீட்டுக்காரர் மற்றதையும் அப்படித்தான் பராமரித்திருப்பார்.

மகன் நியூயோர்க்கில் படிக்கிறான். இரவில் றேடியேற்றரை யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தமாம். (மல்லாவி)

நீராவியால் சூடாக்குகிற பழைய கட்டடம், ஐயா. பல இடங்களில் ஆவி ஏறுவதும், அது ஆறித் தண்ணியாகி இறங்குவதும் ஒரே குழாயால். றேடியேற்றரின் சரிவு மாறினால் தண்ணி தேங்கும், வருகிற ஆவி அதைத் தூக்கி அடிக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களுக்குக் கீழே மெல்லிய பலகைத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். வால்வு முழுக்கத் திறந்திருக்க வேணும், இல்லாவிட்டால் முழுக்கப் பூட்டியிருக்க வேணும். பாதியில் விட்டால் அடி நிற்காது.

அப்படிச் சத்தம் போடுகிற நீராவியை ஏன் கண்டுபிடித்தார்கள்? (வவுனியா, நெல் ஆலை வைத்திருப்பவர்)

நீங்கள் கேட்கலாமோ அண்ணை! உமி எரித்து நெல் அவிக்கிறீர்கள். ஒரு கிலோ ஆவி தண்ணியாக மாறும்போது மட்டும் 2,257 கிலோயூல் சூட்டை விடுகிறது. அதே ஒரு கிலோ கொதிதண்ணி 60 பாகைக்கு ஆறினால் 167 தான். மேலே போக மோட்டரும் வேண்டாம். கரண்ட் பம்ப் பரவாத காலத்து உயரக் கட்டடங்களுக்கு அதைவிட வேறென்ன? ஆலைக்கு ஆவி சரி. படுக்கிற அறைக்கு அது முரட்டுச் சாமான், சூட்டை லேசில் கூட்டிக் குறைக்க முடியாது.

தரைக்குள் குழாய் போட்டுக் கிணற்றுத் தண்ணியை ஓட்டினால் ஏசி தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? (புதுக்குடியிருப்பு)

இதில் நான் கையைச் சுட்டவன். சுட்டவன் என்றால், நனைத்தவன்.

திரும்பி வந்த வருடம் வீட்டில் ஒரு அறைத் தரைக்குள் குழாய் பதித்து, குளிராக்கிய 18 பாகைத் தண்ணியை விட்டேன். கனடாவில் தரைச் சூட்டுக்குப் பதிக்கிற அதே முறைதான், சூட்டுக்குப் பதில் குளிர். இரவு அருமையான நித்திரை. விடியப்புறம் அம்மா, "ஆரடா தரைக்குத் தண்ணி ஊத்தினது?" என்று கத்தினார். தைல்ஸ் முழுக்கச் சின்னச் சின்னத் துளிகள், பாய் நுனி நனைந்து கறுத்திருந்தது. கூரை ஒழுகவில்லை, குழாயும் உடையவில்லை. தரை வியர்த்திருந்தது, சோடாப் போத்தல் வியர்ப்பது போல.

32 பாகைச் சூடும் 70 வீத ஈரப்பதனும் என்றால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதிலும் தண்ணி படியும். கிணற்றுத் தண்ணி வியர்க்க வைக்காது. அது 28 பாகை அளவில்தான் இருக்கும், அதனாலேயே பெரிதாகக் குளிர்த்தவும் மாட்டாது. மத்தியானம் கை விடும்போது சில்லென்று தெரிவது வெளி வெயிலால்.

எங்களுக்கு வேண்டியது குளிரை விட, காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிழிவது. ஏசியின் பின்குழாயால் சொட்டுகிறதே, அதுதான் பிழிந்த தண்ணி. 1902-இல் வில்லிஸ் கரியர் என்ற பொறியியலாளர் நியூயோர்க்கின் புறூக்ளினில் ஒரு அச்சகத்துக்கு ஏசி செய்து கொடுத்ததும் அதற்காகவே: காகிதம் ஈரத்தில் விரிந்து நிறங்கள் பொருந்தாமல் போயின. பிழிய வேணும் என்றால் காற்றைக் குளிர்ந்த சுருளுக்கு மேலால் ஓட்ட வேணும். வெறும் தரையால் அது முடியாது.

அப்ப வீடு முழுக்கக் காற்றுக் கூடு வைக்கவா? ஐந்து அறை. (முல்லைத்தீவு)

வேண்டாம் தங்கச்சி. கூடு போகப் போவது கூரைச் சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில், வெயிலில் வேகிற இடத்தால். குளிர் வழியிலேயே போய்விடும். ஒரு மெஷின் பழுதானால் ஐந்து அறையும் புழுங்கும். படுக்கிற அறைக்கு மட்டும் சுவர் ஏசி போடுங்கள். சீலிங்குக்கு மேலே வெப்பம் தடுக்கிற தாளை முதலில் விரியுங்கள்.

லண்டனில் மகள் வீட்டு றேடியேற்றர் மேலே குளிர், கீழே சூடு. (நெடுங்கேணி)

உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அம்மா. கீழே குளிர்ந்திருந்தால் சேறு என்று சொல்லியிருப்பேன். சூட்டை நிறுத்தி ஆற விட்டு, மேல் மூலையில் இருக்கிற சதுர ஆணியை அதற்குரிய சாவியால் அரைச் சுற்றுத் திருப்பச் சொல்லுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று வரும். தண்ணி எட்டிப் பார்த்தவுடன் பூட்ட வேணும். பிறகு பொய்லரில் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். கீழே பழைய துணி பிடிக்க மறக்க வேண்டாம், வருகிற தண்ணி கரிக் கறுப்பாக இருக்கும்.