காலனிக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை? – கேள்வி பதில்

ஊராட்சிச் செயலராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கு வரும் அரசுப் பணம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் கீழே.

எதைக் கேட்டாலும் "நிதி இல்லை" என்கிறார் எங்கள் தலைவர். தண்ணீருக்கென்று தனியாகப் பணம் வருகிறதா சார்?

வருகிறது. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுக்க ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் டைடு கிராண்ட், அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம். பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், மறுபாதி கழிப்பறை, துப்புரவு வேலைகளுக்கும். அந்தப் பணத்தில் தெருவிளக்குப் போட முடியாது. "டைடு கிராண்டில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது?" என்று கிராம சபையில் கேளுங்கள். மார்ச் 22, தண்ணீர் தினத்தன்றும் சபை கூடும். கேட்க நல்ல நாள்.

வீட்டு இணைப்புக்கு மக்கள் பங்குத் தொகை கேட்கிறார்கள். கூலிக்குப் போகிறவர்கள் எங்கே போவது?

2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மத்திய, மாநிலப் பங்கு பாதிக்குப் பாதி. ஊருக்குள் நடக்கும் வேலையின் மதிப்பில் 10 சதவீதம் மக்கள் பங்கு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர் என்றால் 5 சதவீதம்தான். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். பணமாகத்தான் தர வேண்டும் என்றும் இல்லை, உழைப்பாகவும் தரலாம். பள்ளம் வெட்டப் போனால் யார், எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

குழாய் போட்டு இரண்டு வருஷம் ஆச்சு. எங்கள் காலனிக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. எங்கள் ஊரிலும் உங்கள் கதைதான். மேல்நிலைத் தொட்டி ஊர் நடுவில், காலனி கடைசியில். நடுத்தெருவில் ஆளாளுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். காலனியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அறுத்துக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடை நிற்கும். பைப்பில் அழுத்தம் இறங்கும்போது அதுவே குழாய்க்குள் போகும். வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

புது போர்வெல் கேட்டு மனு எழுதும் முன், தொட்டியிலிருந்து தனி லைன், தனி வால்வு கேளுங்கள். காலையில் முதல் ஒரு மணி நேரம் காலனிக்குத் திறக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். எங்களுக்கு அந்த வேலைக்கான செலவு பெரிதில்லை. சண்டைதான் மூன்று மாதம் நடந்தது.

இன்னொன்று. பைப் போடத் திட்டம் வரும், திறப்பு விழாவும் நடக்கும். மோட்டார் காயில் எரிந்தால் ஒரு திட்டமும் வராது. கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், காயில் கட்டுவது எல்லாம் ஊராட்சி தலையில். வரி வசூல் குறைந்த ஏழை ஊராட்சிகள் விழுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் ஊரில் 300 வீடு. பாதாள சாக்கடை கேட்கலாமா?

வேண்டாம். ஆலந்தூரில் வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கி நடத்திக் காட்டினார்கள், உண்மை. அது நெருக்கமான நகரம். 300 வீட்டுக்குப் பம்பிங் ஸ்டேஷன் ஓட்டவே உங்களால் முடியாது. குளிக்கிற, துவைக்கிற தண்ணீருக்கு உறிஞ்சிக் குழி போதும். கழிப்பறைக்கு தூய்மை பாரத மானியம் 12,000 ரூபாய். இரட்டைக் குழியாகக் கட்டுங்கள். ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டால், மூடிய குழியில் உள்ளது காய்ந்து எருவாகிவிடும்.

சந்துக்குள் கழிவுநீர் லாரி வராது. செப்டிக் டேங்கில் ஆளை இறக்கி அள்ளுகிறோம். தப்பா?

தப்பு மட்டுமில்லை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே விஷவாயு, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார், காப்பாற்றக் குதித்தவரும் சாய்வார். இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. லாரியை மெயின் ரோட்டில் நிறுத்தி ஹோஸை நீட்டச் சொல்லுங்கள். கூடுதல் ஹோஸுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். கொடுங்கள்.